குழந்தையை விட்டுச் செல்லும் இடம் பத்திரமானதா?

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால்தான் வீட்டு வாடகையும் மளிகைக் கடை பாக்கியும் தீரும் என்ற நிலையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் புனேயில் பல. ஊரில் என்றால் பாட்டியோ சித்தியோ குழந்தையைப் பார்த்துக் கொள்வார்கள். கட்கியிலும் தேஹு ரோடிலும் பிம்ப்ரியிலும் அதற்கு எல்லோருக்கும் வழியில்லை. தெருக்கோடியில் சுவரில் பொம்மை வரைந்த ஒரு நர்சரி இருக்கும். மாதப் பணத்தைக் கட்டி, டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து, குழந்தையை அங்கே விட்டு விட்டு பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். இங்கிலீஷ் பாட்டுச் சொல்லித் தருவீர்களா என்று விசாரிக்கும் பெற்றோர் உண்டு. ஓர் ஆயாவிடம் எத்தனை குழந்தைகள் என்று விசாரிப்பவர் குறைவு.

இந்தக் கேள்விக்கு மத்திய அரசே பதில் எழுதி வைத்திருக்கிறது. 2013-ல் வெளியான இளங்குழந்தைகள் பராமரிப்பு, கல்வி பற்றிய தேசியக் கொள்கையின்படி, 3 வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். 3 முதல் 6 வயது வரை என்றால் 20 பேருக்கு ஒருவர். 30 குழந்தைகள் உள்ள இடத்தில் அறை 35 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது சுமார் 375 சதுர அடி. விளையாட வெளியே 30 சதுர மீட்டர் வேண்டும். உறுதியான கட்டடம், நல்ல குடிதண்ணீர், சிறுவர்களுக்கு ஏற்ற கழிப்பறை, முதலுதவி வசதி, சமையலுக்கும் தூக்கத்துக்கும் தனித்தனி இடம். பெரியவர் துணையின்றி எந்த நேரமும் குழந்தைகளை விட்டு வைக்கக் கூடாது. பேச்சு மொழி குழந்தையின் தாய்மொழியாகவோ வீட்டு மொழியாகவோ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த இரண்டு வயதுப் பிள்ளை, தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடச் சொல்லத் தெரியாமல் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

சமையலுக்குத் தனி இடம் எதற்கு என்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது.

ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள குழந்தைகளுக்கே கல்வியை உரிமையாக்கியது. அதற்குக் கீழே உள்ள சின்னஞ்சிறுசுகளின் பாடு பெரும்பாலும் நடத்துபவரின் மனசாட்சியைப் பொறுத்தது என்பதே உண்மை.

தகரக் கொட்டகையில் பால்வாடி

பணம் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்பவர்கள், கட்டட வேலை நடக்கும் இடங்களில் நடந்து வரும் காரியத்தைப் பார்க்க வேண்டும். சித்தாள் வேலைக்கு வரும் பெண் கைக்குழந்தையை மணல் குவியலுக்குப் பக்கத்தில் கிடத்தி விட்டுச் சாரம் ஏறுவாள். கம்பி, சுண்ணாம்பு, மூடாத தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுற்றிலும் இருக்கும். டில்லியில் இப்படிக் கிடந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறுக்காத மீரா மகாதேவன் 1969-ல் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். அதுதான் 'மொபைல் கிரெச்சஸ்'. வேலை முடிந்து கூலியாட்கள் வேறு தளத்துக்குப் போனால் காப்பகமும் கூடவே போகும். பம்பாய்க்கும் பிறகு 1980களின் தொடக்கத்தில் புனேக்கும் இந்தப் பணி பரவியது. புனேக் கிளை பின்னர் 'தாரா மொபைல் கிரெச்சஸ்' என்ற பெயரில் தனி அமைப்பாயிற்று.

பில்டர் இடமும் தண்ணீரும் மின்சாரமும் தந்து செலவிலும் ஒரு பங்கு ஏற்க வேண்டும் என்பது ஏற்பாடு. கைக்குழந்தைகளுக்குத் தொட்டில், நடக்கிற பிள்ளைகளுக்குப் பால்வாடி, பெரிய பிள்ளைகளுக்குப் பாடம். சத்துணவு உண்டு, டாக்டர் வந்து பார்ப்பார். இடம் தகரக் கொட்டகையாக இருக்கலாம். ஆனால் குழந்தைக்கு ஆள் உண்டு. பணத்தை விட முறைதான் முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மராட்டிய மண்ணுக்கு இது புதிதுமல்ல. தாராபாய் மோடக் 1945-ல் கடலோரக் கிராமமான போர்டியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பால்வாடி நடத்தத் தொடங்கினார். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையின் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்றார். முற்றம் மராட்டியில் 'அங்கண்'. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் அங்கன்வாடிகள் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன.

எல்லாத் தளத்திலும் காப்பகம் உண்டென்று எண்ணிவிட வேண்டாம். 2019 ஜூன் 29 அன்று, பெருமழையில், கொந்த்வாவில் ஒரு குடியிருப்பின் மதில் சுவர் இடிந்து தொழிலாளர் குடிசைகள் மேல் விழுந்தது. இறந்த 15 பேரில் 4 பேர் குழந்தைகள். அது நள்ளிரவில் நடந்தது. பகல் நேரக் காப்பகம் அதைத் தடுத்திருக்காது. ஆனால் சுவர் உறுதியா என்று பார்க்க வேண்டியது பள்ளிக்கூடத்தில் மட்டுமல்ல என்பதை அது காட்டியது.

50 பேர் கணக்கு

கட்டடத் தொழிலாளருக்கான 1996-ம் ஆண்டுச் சட்டம், 50-க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. பல துணைக் கான்டிராக்டர்களிடம் சிதறிக் கிடக்கும் சித்தாள்களை யார் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் சிக்கல் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் பெண்கள் என்ற வரையறை இல்லை. 50 ஊழியர்கள் உள்ள நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பது விதி. பல நிறுவனங்கள் சேர்ந்து பொதுவாகவும் நடத்தலாம். கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் நம் பெண்களும் இதைக் கேட்கலாம். ஓய்வு நேரத்தையும் சேர்த்து, நாளுக்கு 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கத் தாய்க்கு உரிமை உண்டு.

இந்த 4 முறை என்பது தெருக்கோடி நர்சரிக்குப் பொருந்தாது. ஆயினும் ஒரு நாள் லீவு போட்டு, பகல் பதினொரு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கச் சட்டம் எதுவும் தேவையில்லை.