நீரிழிவும் ஊர்த்துணையும்

நோய்களுள் சில வைத்தியரால் நீக்கப்படுவன. சில நோயாளராலேயே நாடோறும் ஆளப்படுவன. ஈழத்தவர் பேச்சு வழக்கிலே சலரோகம் எனவும் சீனி வருத்தம் எனவும் வழங்கும் நீரிழிவு பின்னைய இனத்தைச் சார்ந்தது. 1921ஆம் ஆண்டில் ரொறன்றோ நகரிலே இன்சுலின் கண்டறியப்பட்டமை எண்ணற்ற உயிர்களைக் காத்தது. எனினும் நோயை அது வேரறுத்ததன்று. ஆண்டொன்றுக்கு 8,760 மணி நேரம் உண்டு. மாதம் ஒருமுறை கால்மணி நேரம் வைத்தியரைக் காணும் ஒருவர், ஆண்டு முழுவதிலும் அவர் முன்னிலையில் இருப்பது மூன்று மணி நேரமே. எஞ்சிய காலமெல்லாம் யாது உண்பது, எப்பொழுது மருந்து கொள்வது, காலிற் பட்ட கீறலுக்கு யாது செய்வது என்பவற்றை அவர் தாமே துணிதல் வேண்டும். அதற்கு வேண்டிய அறிவையும் ஊக்கத்தையும் ஊரவர் ஒருவருக்கொருவர் அளித்தலே சமுதாயம் சார்ந்த தற்பேணல் ஆகும்.

இதன் இன்றியமையாமை கொக்கிளாய் போன்ற ஊர்களிலே தெளிவாகப் புலப்படும். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் களப்புக்கும் அருகே அமைந்த இவ்வூரவர் 1984இல் இடம்பெயர்ந்து, 2009இல் போர் முடிந்த பின்னரே மீண்டனர். முல்லைத்தீவு நகரோ முப்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. 2005–2006இல் நிகழ்ந்த இலங்கை நீரிழிவு ஆய்வு, வளர்ந்தோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டெனவும், அவருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர் அதனை அறியாதிருந்தனர் எனவும் கண்டது. ஆயின், அவ்வாய்வு ஒன்பது மாகாணங்களுள் ஏழிலேயே நடைபெற்றது. வடக்கும் கிழக்கும் அதில் அடங்கவில்லை. எண்ணப்படாமை நோயின்மை ஆகாது.

பிறநாட்டு அனுபவம் இங்குப் பயன்படுவதாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் இலத்தீன் அமெரிக்க மக்களிடையே மொழித் தடையும் வறுமையும் வைத்தியத்துக்கு இடையூறாயின. இசுத்தான்போட்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கேற் லோறிக் என்பாரும் அவர்தம் துணைவரும் அம்மக்களுக்கெனச் சுபானிய மொழியிலேயே ஆறு கிழமைப் பயிற்சியொன்றை வகுத்தனர். கிழமைக்கு ஒருமுறை, இரண்டரை மணி நேரம். நடத்துவோர் வைத்தியர் அல்லர், பயிற்சி பெற்ற ஊரவரே. பங்குகொண்டோரின் குருதிச் சீனி நிலை ஆறு மாதத்திற் குறைந்ததென 2008இல் வெளியான ஆய்வு உரைத்தது. தம்மைப் போன்றவர் தம் மொழியிலே தம் உணவைப்பற்றிக் கூறும் சொல்லே எளிதிற் பதியும் என்பது இதன் கருத்து.

அண்டையிலும் இத்தகைய முயற்சிகள் உள. தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டு ஆகத்து 5ஆம் நாள் கிருட்டிணகிரி மாவட்டத்திலே தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில், பெண் தன்னார்வலர் நீரிழிவு, குருதி அழுத்தம் என்பவற்றுக்கான மருந்துகளை வீடு தேடிச் சென்று வழங்குகின்றனர். இலங்கை, வங்காளதேசம், பாக்கித்தான் ஆகிய நாடுகளில் முப்பது கிராமச் சமுதாயங்களைச் சார்ந்த 2,645 பேரிடையே நடந்த ஆய்வொன்றில், களப்பணியாளர் வீடுதோறும் சென்று அழுத்தம் அளந்து அறிவுரை கூறினர். ஈராண்டில், வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றோரைவிட அவர்களது மேலழுத்தம் சராசரி 5 மில்லிமீற்றர் மிகுதியாகத் தாழ்ந்தது.

கரையோர ஊரொன்றில் ஊரவர் ஒருவருக்கொருவர் கற்பிக்கத்தக்கவை எளியனவே. நீரிழிவு நரம்பைக் கெடுப்பதால், பாதத்தில் மீன்முள் தைத்தாலும் சுடுமணல் பொசுக்கினாலும் வலி தோன்றாது போகலாம். ஆதலின் மாலைதோறும் உள்ளங்காலைப் பார்த்தல் வேண்டும். கண்ணொளி குன்றிய முதியோர்க்குப் பேரப்பிள்ளைகள் பார்த்து உதவலாம். இன்சுலின் ஏற்றிக்கொண்டு வெறுவயிற்றுடன் தொழிலுக்குச் செல்பவர்க்குப் படகிலே வியர்வையும் நடுக்கமும் மனக்குழப்பமும் தோன்றின், அவை சீனி மிகத் தாழ்ந்தமையின் அறிகுறிகள். உடன்செல்வோர் மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்துப் பருகக் கொடுத்தல் வேண்டும். அறிவிழந்தவர் வாயில் எதனையும் இடலாகாது. குளிர்சாதனம் இல்லாத வீட்டில், ஈரமணல் சூழ்ந்த மட்பாண்டத்துள் இன்சுலினை வைத்தால் வெப்பம் ஓரளவு தணியும்.

உணவிலும் மயக்கங்கள் பல. குரக்கன் பிட்டு எவ்வளவும் உண்ணலாம் என்பது அவற்றுள் ஒன்று. குரக்கனும் பெரும்பாலும் மாப்பொருளே. நார் மிகுந்தமையால் நன்றெனினும் அளவு வேண்டும். தட்டிலே பாதி கீரையும் மரக்கறியும், கால்பங்கு சோறு அல்லது பிட்டு, கால்பங்கு மீன் எனக் கொள்வது எவர்க்கும் நினைவில் நிற்கும். கசப்புக் கசாயங்களை நம்பி மருந்தை நிறுத்துவது பெருங்கேடு.

ஊர்த்துணைக்கு எல்லையும் உண்டு. அது மருந்துக்கும் குருதிப் பரிசோதனைக்கும் ஈடாகாது. ஆறாத புண்ணையும் மங்கும் கண்ணையும் உடனே வைத்தியரிடம் சேர்ப்பிப்பதே அதன் தலையாய கடன். வலை இழுக்கையில் ஒருவர் கை மற்றவர்க்கு உதவுதல் கரையோர மக்களுக்குப் புதிதன்று. கடற்றொழிலாளர் சங்கமும் மாதர் சங்கமும் கூடும் நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குமாயின், தொலைவிலுள்ள வைத்தியசாலையின் பணியிற் பாதி ஊரிலேயே நிறைவேறும். பல கால்களும் கண்களும் காக்கப்படும்.