ஒரு பிரேக் இல்லாமல் பிறக்கும் பிள்ளை

“அம்மாவுக்குப் புற்றுநோய் வந்ததே, எனக்கும் வந்துதான் தீருமா?” என்று கேட்காத குடும்பம் இல்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம். புற்றுநோய்களில் பரம்பரையாக வருபவை நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். அவற்றிலும் பிள்ளைக்கு வந்து சேர்வது நோயல்ல, பழுதான ஒரு மரபணு.

இதை நமக்குப் புரியவைத்தது, சின்னக் குழந்தைகளுக்கு வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய். சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் வரும். சிலருக்கு இரண்டு கண்ணிலும், அதுவும் இன்னும் சின்ன வயதிலேயே வந்துவிடும். ஏன் இந்த வித்தியாசம்? அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நுட்சன் 48 குழந்தைகளின் விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டு, 1971இல் விடை சொன்னார்: இந்த நோய்க்கு இரண்டு அடி விழ வேண்டும்.

அந்த அடிகள் விழும் இடம் 13ஆம் குரோமோசோமில் உள்ள ஆர்பி1 மரபணு என்பது 1986இல் தெரிந்தது. செல் கண்டபடி பெருகாமல் தடுப்பது அதன் வேலை. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று செல்லுக்கு இரண்டு நகல். டூவீலரின் முன் பிரேக், பின் பிரேக் மாதிரி; ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும்.

பரம்பரை வகையில், குழந்தை பிறக்கும்போதே எல்லாச் செல்லிலும் ஒரு நகல் பழுது. விழித்திரையில் வளரும் லட்சக்கணக்கான செல்களில் ஏதோ ஒன்றில் மற்ற நகலும் கெட்டால் போதும். அதனால்தான் இரண்டு கண்ணிலும், சீக்கிரமே வருகிறது. மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டு நகலும் கெட வேண்டும். அது அபூர்வம், வந்தாலும் ஒரு கண்ணோடு நிற்கும்.

பழுதான நகல் உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் “எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே” என்பதும் உத்தரவாதமில்லை. கருமுட்டையிலோ விந்தணுவிலோ பழுது புதிதாகவும் ஏற்படும். அதற்குப் பெற்றோர் மேல் பழி சொல்ல ஒன்றுமில்லை.

குடும்பத்தில் இந்த நோய் இருந்தால், பிறந்த குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாம். அந்தக் குடும்பத்துப் பழுது குழந்தையிடம் இல்லையென்றால், மயக்கம் கொடுத்து அடிக்கடி கண்ணைப் பார்க்கும் அவஸ்தை மிச்சம். இருந்தால், கட்டி கடுகளவாக இருக்கும்போதே லேசரால் அழித்துக் கண்ணைக் காப்பாற்ற முடியும்.

பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாக மின்னினால், ‘வெளிச்சம் பட்டிருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள். அது இந்த நோயின் அறிகுறியாக இருக்கலாம்; அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.