சபாஷ் சொல்லாத வாத்தியார்

ஒரு மொட்டைத் தலை புரொபசர். டிரம்ஸ் வாசிக்கிற 19 வயசுப் பையன். ஒரு ரிகர்சல் ஹால். இந்த மூன்றை வைத்துக்கொண்டு நெஞ்சு படபடக்கிற த்ரில்லர் எடுக்க முடியுமா? எடுத்துக் காட்டினார் டேமியன் ஷஸெல் என்கிற அமெரிக்க இளைஞர். படத்தின் பெயர் 'விப்லாஷ்'. வந்த வருஷம் 2014. மற்ற படங்களில் வில்லன் கத்தியைத் தூக்கும்போது வருகிற பயம், இதில் புரொபசர் கையை உயர்த்தி விரல்களை மடக்கி வாத்தியத்தை நிறுத்தும்போது வருகிறது!

மொத்த ஷூட்டிங்கும் 19 நாள். செலவு சுமார் 33 லட்சம் டாலர் (ஹாலிவுட்காரர்களுக்கு இது டீ, பன் செலவு). 2015-ல் மூன்று ஆஸ்கர் தட்டிக்கொண்டு போனது. அதில் ஒன்று புரொபசராக நடித்த ஜே.கே.சிம்மன்ஸுக்கு. ஷஸெல் ஸ்கூல் படிக்கும்போது பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர். கண்டிப்பான வாத்தியாரிடம் அப்போது நடுங்கிய நடுக்கம்தான் கதைக்கு விதை.

கதை இதுதான். நியூயார்க்கில் ஷேஃபர் என்று ஒரு (கற்பனை) இசைக் கல்லூரி. முதல் வருஷ மாணவன் ஆண்ட்ரூ. ஜாஸ் டிரம்ஸில் உலகமே தன்னைத் திரும்பிப் பார்க்கணும் என்று வெறி. ஃபிளெட்சர் புரொபசரின் பேண்டில் இடம் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. கிடைக்கிறது. மீதிப் பாதிக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் படம்.

காரிடாரில் கரிசனம்

முதல் நாள். இடைவேளையில் ஃபிளெட்சர் காரிடாரில் வந்து அன்பாக விசாரிக்கிறார். அப்பா என்ன பண்றார்? அம்மா? அப்பா எழுத்தாளர் ஆக ஆசைப்பட்டு ஸ்கூல் வாத்தியாராக இருப்பவர், அம்மா சின்ன வயசிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று பையன் வெள்ளந்தியாகச் சொல்கிறான். 'பயப்படாதே, ஜாலியா வாசி' என்கிற மாதிரி தைரியம் சொல்லிவிட்டுப் போகிறார் மனுஷர்.

கொஞ்ச நேரம்தான். தாளம் தப்பிவிட்டது என்று அவன் தலையைக் குறிபார்த்து ஒரு நாற்காலி பறந்து வருகிறது. வேகமா வாசிச்சியா, மெதுவா வாசிச்சியா என்று கேட்டுக் கேட்டுக் கன்னத்தில் அறை. அப்புறம் காரிடாரில் சொன்ன அப்பா, அம்மா கதை அத்தனையும் வசவாகத் திரும்பி வருகிறது, பேண்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க.

ஆபீஸ் போகிறவர்களுக்கு இந்த டெக்னிக் புதுசில்லை. டீ டயத்தில் 'வீட்ல எல்லாரும் சௌக்கியமாப்பா?' என்று கேட்டு மனசில் குறித்துக்கொண்டு, மீட்டிங்கில் 'பொண்டாட்டி பேச்சைக் கேட்டு லீவு போட்டா கணக்கு எப்படி டேலி ஆகும்?' என்று வெடிக்கிற மானேஜர் ஒருத்தரிடம் நானும் வேலை பார்த்திருக்கிறேன். மறுநாள் அவர் லேசாகச் சிரித்துவிட்டால் எங்களுக்கெல்லாம் தீபாவளி. அந்தச் சிரிப்புக்காக ராத்திரி ஒன்பது மணி வரை லெட்ஜரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்!

வெறி பிடிப்பதும் இப்படித்தான் ஸார். எப்போதும் திட்டுகிறவனை விட்டு ஓடிப்போய்விடலாம். எப்போதாவது தட்டிக் கொடுக்கிறவனை விட்டுத்தான் ஓட முடியாது. ஆண்ட்ரூவாலும் முடியவில்லை. கை கிழிந்து ரத்தம் வர வர வாசிக்கிறான். ஐஸ் தண்ணீரில் கையை விட்டுவிட்டு மறுபடி வாசிக்கிறான். (நடித்த மைல்ஸ் டெல்லர் நிஜமாகவே 15 வயசிலிருந்து டிரம்ஸ் வாசிப்பவர். படத்தில் கொஞ்சம் அவருடைய சொந்த ரத்தமும் உண்டு.) என் பிராக்டீஸுக்கு நீ இடைஞ்சல் என்று சொல்லி காதலியைக் கழற்றிவிடுகிறான். கச்சேரிக்கு லேட்டாகிறது என்று காரைப் பறக்கவிட்டு, லாரி மோதி, ரத்தம் சொட்டச் சொட்ட மேடை ஏறுகிறான்.

அந்தப் பக்கமும் வெறிதான். தன் கையால் ஒரே ஒரு மேதையையாவது உருவாக்கிவிட வேண்டும் என்பது ஃபிளெட்சரின் தாகம். 'சபாஷ்' என்ற வார்த்தையைவிட ஒருத்தனைக் கெடுக்கிற வார்த்தை வேறு கிடையாது என்பது அவர் சித்தாந்தம். அதற்குச் சாட்சியாக ஒரு கதை வைத்திருக்கிறார். சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் சின்னப் பையனாக இருந்தபோது சொதப்பினாராம். டிரம்மர் ஜோ ஜோன்ஸ் அவர் தலையைப் பார்த்து சிம்பலை வீசினாராம். அந்த அவமானத்தில் பிறந்தவர்தான் மேதை பார்க்கராம்.

நிஜத்தில் விழுந்தது எங்கே?

1936 வாக்கில், கான்சாஸ் சிட்டியின் ரீனோ கிளப்பில் நடந்தது இது. பார்க்கருக்கு அப்போது பதினாறு வயசு இருக்கும். ஜோன்ஸ் போட்ட சிம்பல் பார்க்கரின் காலடியில், தரையில் விழுந்தது. 'போதும் தம்பி, இறங்கு' என்பதற்கான மணி. எல்லாரும் சிரித்தார்கள். அவமானம்தான், சந்தேகமில்லை. தலைக்கு வந்தது மட்டும் ஃபிளெட்சரின் கைச்சரக்கு.

அப்புறம் நடந்ததை அவர் சொல்வதே இல்லை. அடுத்த கோடையில் பார்க்கர் ஒரு பேண்டோடு ஓஸார்க் மலைப்பக்கம் போனார். லெஸ்டர் யங் வாசித்த ரெக்கார்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டார். கூட இருந்த பியானோக்காரரும் கிட்டார்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வரக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று நாலு வருஷம், தினம் 11 முதல் 15 மணி நேரம் சாதகம் செய்ததாகப் பிற்பாடு பார்க்கரே ரேடியோவில் சொன்னார். இதற்கெல்லாம் கிரெடிட்டை ஒரு சிம்பலுக்குக் கொடுப்பது என்ன நியாயம்?

பார்க்கர் செத்தது 1955-ல், 34 வயசில். போதையும் குடியும் தின்ற உடம்பு. பார்த்த டாக்டர் 50-க்கும் 60-க்கும் நடுவில் வயசிருக்கும் என்று மதிப்பிட்டாராம். ஆண்ட்ரூ சாப்பாட்டு மேஜையில், 34 வயசில் செத்தாலும் பரவாயில்லை, ஊர் பேசினால் போதும் என்கிறான். கேட்கும்போது பகீர் என்கிறது.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? பேலன்ஸ் ஷீட் போட்டுப் பார்த்தேன். வரவுப் பக்கம்: ஒரு நல்ல டிரம்மர். பற்றுப் பக்கம்: ஒரு காதல், ஒரு கார், ஒரு படிப்பு. அதோடு ஷான் கேஸி. ஃபிளெட்சரின் பழைய மாணவன். கார் விபத்தில் செத்துவிட்டான் என்று வகுப்பில் கண்ணீர் விடுகிறார் புரொபசர். பையன் தூக்கில் தொங்கினான் என்பதும், அவனுடைய மனச்சோர்வு இவரிடம் படித்தபோது ஆரம்பித்தது என்பதும் பிற்பாடு ஒரு வக்கீல் வாயால் வருகிறது. கணக்கில் வராத செலவு! எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

நம்ம ஊரிலும் 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்று ஒரு வசனம் உண்டு. உருப்பட்டவன் சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. உடைந்து போனவனை யாரும் மேடையேற்றிப் பேசச் சொல்வதில்லையே.

கடைசிக் காட்சியைச் சொல்லி உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்க மாட்டேன். கைதட்டத் தோன்றும். தட்டிவிட்டு, யாருக்குத் தட்டினோம் என்று யோசித்தால் கொஞ்சம் கூசும். இதற்குப் பிறகு ஆண்ட்ரூ என்ன ஆவான் என்று இயக்குநரையே பேட்டியில் கேட்டார்கள். உள்ளே வெறுமையாகி, முப்பதுகளிலேயே போதையில் செத்துப்போவான் என்று பதில் சொன்னார்.

படத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை காலையில் மானேஜர் தோளில் கைபோட்டு, 'அப்பா என்னப்பா பண்றார்?' என்று கேட்டால், 'நல்லா இருக்கார் ஸார்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.