பக்கத்தில் உட்காராதே

கொச்சி மட்டாஞ்சேரிக்குச் சுற்றுலா வருகிறவர்கள், 1568இல் கட்டப்பட்ட பரதேசி (அயல்நாட்டிலிருந்து வந்த) யூதர்களின் ஜெபாலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததும் முதலில் பார்ப்பது தரையைத்தான். கையால் தீட்டிய நீல வெள்ளைச் சீன ஓடுகள் கண்ணைப் பறிக்கும். அதே கட்டடத்தின் முன்னறையில் ஒரு சாராரைப் பல தலைமுறைகளாக உட்கார வைத்திருந்த கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சத்தார் அவர்கள். அதே கடவுள், அதே வேதம், அதே தெரு. ஆனாலும் உள்ளே இருக்கை கிடையாது; இறந்தால் மற்றவர்களின் இடுகாட்டில் இடமும் கிடையாது.

அந்த வம்சத்தில் 1882இல் பிறந்த ஏ.பி. சேலம் வக்கீலுக்குப் படித்தார், கொச்சி சட்டசபை உறுப்பினராகவும் ஆனார். ஜெபாலயத்தில் மட்டும் அவருக்கும் முன்னறைதான். காந்தி வழியில் அங்கேயே சத்தியாக்கிரகம் நடத்தினார். தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனால் 1950இல் அவர் மகன் பரதேசி யூதப் பெண் ஒருவரை மணந்தபோதும் எதிர்ப்பு ஓயவில்லை.

உடல்நலக் கட்டுரையில் இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "கை வச்சானா?" என்பதுதான். இல்லை என்றால், "அப்புறம் என்ன, விடு" என்று முடித்துவிடுவோம். கை வைக்காமல், உட்காரும் இடத்தை வைத்தே ஒருவரைச் சிறுமைப்படுத்த முடியும் என்பதற்கு மட்டாஞ்சேரியைவிடப் பக்கத்துச் சாட்சி வேண்டாம்.

மூளைக்கு இதுவும் வேதனைதான்

2003இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் எளிய கணினி விளையாட்டை வைத்துச் சோதனை செய்தார்கள். மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி எறிய வேண்டும். சற்று நேரத்தில் மற்ற இருவரும் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்ள, மூன்றாமவருக்குப் பந்து வருவதே நின்றுவிடும். அவரை யாரும் திட்டவில்லை, தொடவும் இல்லை. ஆனாலும் உடல்வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி அப்போது அதிகமாக வேலை செய்தது. சில நிமிட விளையாட்டுக்கே இப்படி என்றால், ஜூன் முதல் மார்ச் வரை சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்காரும் குழந்தையை யோசித்துப் பாருங்கள்.

இது பள்ளியோடு முடிவதும் இல்லை. பிரிட்டனில் 1958இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை ஐம்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 7,771 பேரின் விவரங்களை அலசிய லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஏழு வயதிலும் பதினொரு வயதிலும் அடிக்கடி கொடுமைக்கு ஆளானவர்களிடம், நாற்பதாண்டுகள் கழித்தும் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருந்தன. இன்னோர் அமெரிக்க ஆய்வில், சிறுவயதில் சீண்டலுக்கு ஆளானவர்களின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதம் வளர்ந்த பிறகும் கூடுதலாகக் காணப்பட்டது. "சின்ன வயசு விஷயம், மறந்துடும்" என்ற ஆறுதலுக்கு இனி மருத்துவ ஆதாரம் இல்லை.

பட்டப்பெயர்

ஃபோர்ட் கொச்சியின் 'வெளி' பகுதியில் உள்ள தோபி கானாவில், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் வேலை செய்கிறார்கள். எத்தனை தலைமுறை ஆனாலும் பேச்சில் தமிழ் வாடை அடித்தால் "பாண்டி" என்ற கேலி கேரளத்தில் சுலபமாக வந்து விழும். நமக்கு அது சுருக்கென்று தைக்கும். சரி, தமிழ்நாட்டு வகுப்பறைகளில் பீகார்த் தொழிலாளியின் மகனை நம் பிள்ளைகள் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? வீட்டுக்குள்ளேயே "கறுப்பி", "குண்டு" என்று பெயர் வைத்துவிட்டு, அதைச் செல்லம் என்கிறோமே!

2025 ஜனவரியில், மட்டாஞ்சேரிக்குச் சற்றுத் தொலைவிலுள்ள திருப்பூணித்துறையில் பதினைந்து வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். நிறத்தைச் சொல்லியும் வேறு விதங்களிலும் பள்ளியில் அவனைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று தாய் புகார் கொடுத்தார். கல்வித்துறை விசாரணைக்கு உத்தரவிட்டது. இப்படிப்பட்ட சாவுக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை. ஆனால் அந்தப் புகாரைப் படித்த எத்தனை பெற்றோர் அன்று இரவு தங்கள் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசியிருப்போம்?

வயிற்றுவலி சொல்லும் சேதி

குழந்தைகள் வாயால் சொல்வது குறைவு, உடம்பு சொல்லிவிடும். திங்கட்கிழமை காலையில் வரும் வயிற்றுவலி சனிக்கிழமை வராது. பென்சில் பெட்டி அடிக்கடி தொலையும். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும். நின்றுபோயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் மறுபடி தொடங்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பள்ளிக் கழிப்பறையில் பெரியவர்களின் கண் படாது. சீண்டல் அதிகம் நடக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அதற்குப் பயந்து காலை எட்டரைக்குப் போன பிள்ளை மாலை நாலரை வரை சிறுநீரை அடக்கும். அதற்காகத் தண்ணீரே குடிக்காது. வீட்டு வாசலில் பையைப் போட்டுவிட்டு நேரே கழிப்பறைக்கு ஓடும் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், மருந்தோடு சேர்த்து இதையும் விசாரியுங்கள்.

சீண்டலுக்கு ஆளாகும் பெரியவர்களுக்கு ஞாயிறு மாலையே நெஞ்சில் பாரம் ஏறிவிடும். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நக்கலடிக்கும் மேலாளர், வாட்ஸ்அப் குழுவில் வேண்டுமென்றே ஒருவரை விட்டுவிடும் சகாக்கள், எதைச் செய்தாலும் குறை சொல்லும் மாமியார் வீடு. தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். "தப்பு என்கிட்டதான் போல" என்று தோன்றத் தொடங்கினால், உதவி தேட அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

சீண்டுகிறவனும் நோயாளியா?

சில சமயம் ஆம். அடி வாங்கிக்கொண்டு, இன்னொருவனை அடிக்கவும் செய்யும் பிள்ளைகளின் மனநிலைதான் பிற்காலத்தில் மிக மோசமாக இருப்பதாக அமெரிக்காவில் 1,420 பேரைத் தொடர்ந்த ஆய்வு 2013இல் காட்டியது. தண்டனை மட்டும் போதாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

என்னைக் கேட்டால், சீண்டுகிறவனைவிட முக்கியமானவர்கள் சுற்றி நின்று சிரிப்பவர்கள். பின்லாந்துப் பள்ளிகளின் 'கிவா' திட்டம் இவர்களைத்தான் முதலில் குறிவைக்கிறது. சிரிப்பு நின்றால் சீண்டுகிறவனுக்கு மேடை இல்லை.

என்ன செய்யலாம்?

"நீயும் திருப்பி அடி", "கண்டுக்காதே" இரண்டையும் விட்டுவிடுங்கள். "ஸ்கூல் எப்படி இருந்தது?" என்றால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டே?" என்று கேளுங்கள். சொன்னதைத் தேதியோடு எழுதி வைத்து, வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைக்கும் பஞ்சாயத்து வேண்டாம். வலுத்தவன் எதிரில் இளைத்தவனுக்கு வாய் வராது.

கேரளத்தில் 1998ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் உண்டு. எழுத்தில் புகார் வந்தால் நிறுவனத் தலைவர் ஏழு நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும். குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டில் இதற்கு ஓராண்டு முன்பே சட்டம் வந்தது, ராகிங் காரணமாக நடந்த மாணவர் நாவரசுவின் கொலைக்குப் பிறகு. எனவே புகாரை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ தனியே விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குழந்தைகளுக்கு 1098, கேரளத்தில் 'திசா' 1056, கல்லூரி ராகிங்குக்கு 1800-180-5522 என்ற எண்கள் உள்ளன. மத்திய அரசின் 'டெலி மனஸ்' எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கொச்சியில் இருந்துகொண்டு மலையாளத்தில் மனம் திறக்கத் தயங்குகிறவர்கள் தமிழிலேயே பேசலாம்.