அணைந்து அணைந்து போகும் கணிப்பொறி

உறுப்புகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துப் பூட்டிய புதிய கணிப்பொறி ஒன்று மேசை மேல் இருக்கிறது. பொத்தானை அழுத்துகிறோம். விசிறி சுழல்கிறது, சிறு விளக்கு ஒளிர்கிறது. அடுத்த கணமே எல்லாம் அடங்கிவிடுகிறது. மீண்டும் அழுத்தினாலும் அதே கதைதான். "மதர்போர்டு போய்விட்டது" என்கிறார் ஒருவர். "நினைவகம் மட்டம்" என்கிறார் இன்னொருவர். இப்படி ஆளுக்கொரு சொல்லைக் கேட்டு உறுப்புகளை மாற்றிக்கொண்டே போனால், ஆயிரக்கணக்கில் பணம் கரைந்த பின்னும் கணிப்பொறி அணைந்துகொண்டுதான் இருக்கும்.

மாணவர்களே, இங்கு நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எது பழுது?' என்பதன்று, 'அணைத்தது யார்?' என்பதே. கணிப்பொறியின் உள்ளே சில காவலர்கள் இருக்கிறார்கள். ஆபத்தைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிப்பது அவர்கள் வேலை. ஆகவே, அணைவதைப் பெரும்பாலும் சாவு என்று கொள்ளாமல் எச்சரிக்கை என்றே கொள்ள வேண்டும். இதனை விளங்கிக்கொள்ள, மிகப் பழைய காவலன் ஒருவனை முதலில் பார்ப்போம்.

பீங்கான் கட்டை கற்பிக்கும் பாடம்

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றின் கரையில் உள்ள விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பீங்கான் தொழிலுக்கும் அது பெயர் பெற்றது. பீங்கான் பொருள்களுக்கெனவே அங்கே தொழிற்பேட்டை உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் உண்டு. பொம்மைகளோடு, மின்சாதனங்களுக்கான பீங்கான் பொருள்களும் அவ்வூரில் செய்யப்படுகின்றன. வீட்டு மின்பலகையில் நாம் காணும் வெள்ளை நிற 'பியூஸ் கட்டை' அத்தகைய ஒரு பொருள்.

வெண்களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைக் கலந்து வடித்து, 1200 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுட்டால் மின்காப்புப் பீங்கான் கிடைக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. தீப்பொறி பறந்தாலும் எரியாது. இந்தக் கட்டையின் இரு முனைகளுக்கு இடையே மெல்லிய உருகு இழை ஒன்று செல்கிறது. இழையில் தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது ஜூல் விதி. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. எனவே எங்கோ குறுக்குச் சுற்று ஏற்பட்டதும் இழை உருகி அறுகிறது, வீடு தப்புகிறது.

இழை அடிக்கடி அறுகிறதே என்று சலித்துக்கொண்டு, தடித்த செம்புக் கம்பியை அதில் சுற்றிவிடுபவர்கள் உண்டு. அதன் பிறகு கட்டையில் இழை அறுவதில்லை. சுவருக்குள் ஓடும் மின்கம்பியே சூடேறி எரியத் தொடங்குகிறது. காவலனின் வாயை அடைத்தால் திருடன் போய்விட மாட்டான் அல்லவா?

பெட்டிக்குள் இருக்கும் காவலர்கள்

கணிப்பொறியில் இந்தக் காவல் வேலையைப் பல உறுப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. முதலாவது, கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று அழைக்கும் மின்வழங்கி. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக அது மாற்றித் தருகிறது. மின்னழுத்தங்கள் சீராக நின்ற பிறகே, 'எல்லாம் நலம்' என்னும் குறிப்பை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. இதற்கு 0.1 முதல் 0.5 நொடி வரை ஆகும். அந்தக் குறிப்பு வராவிட்டால் கணிப்பொறி வேலையைத் தொடங்காது. எந்தக் கம்பியிலாவது அளவுக்கு மீறி மின்னோட்டம் பாய்ந்தால் மின்வழங்கி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும்.

இரண்டாவது காவலன் செயலிக்குள்ளேயே இருக்கும் வெப்ப உணரி. இதன் அவசியத்தை ஒரு சிறு கணக்கு காட்டும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. என்று கொண்டால், ஒரு சதுர செ.மீட்டருக்கு 5 வாட் வெப்பம். 65 வாட் செயலி ஒன்றின் சில்லு 1.5 சதுர செ.மீ. பரப்புடையது என்று கொண்டால், ஒரு சதுர செ.மீட்டருக்கு 43 வாட்! இஸ்திரிப் பெட்டியைப் போல எட்டு மடங்குக்கும் மேல். இந்த வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் சில்லு கெட்டுவிடும். எனவே வெப்பம் சுமார் 100 டிகிரியை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதன் பின்னும் ஏறினால் மின்சாரத்தை நிறுத்தச் செய்கிறது.

கடிகாரமே முதல் கருவி

அணைத்த காவலன் யார் என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பொத்தானை அழுத்தியதிலிருந்து அணையும்வரை எத்தனை நொடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அழுத்திய உடனே, ஒரு நொடிக்குள் அணைந்தால் குறுக்குச் சுற்றை ஐயுற வேண்டும். மதர்போர்டு கேபினட்டின் இரும்புத் தகட்டைத் தொடாதிருக்க, அதன் கீழே சிறு பித்தளைத் தாங்கிகளைப் பொருத்துகிறோம். துளை இல்லாத இடத்தில் ஒரு தாங்கி இருந்துவிட்டால், அது பலகையின் அடியிலுள்ள பற்றவைப்புப் புள்ளிகளைத் தொடும். புதிதாகக் கட்டும் கணிப்பொறிகளில் இது அடிக்கடி காணும் காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதில் மறுபடியும் பீங்கான் வருகிறது. செயலியைச் சுற்றிலும் எள்ளுப் போன்ற சிறு மின்தேக்கிகள் நிறைய இருக்கும். 65 வாட் செயலி 1.2 வோல்ட்டில் இயங்கினால் அதற்குச் சுமார் 54 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். இது நொடிக்குப் பல இலட்சம் முறை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குபவை இந்த மின்தேக்கிகளே. பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கானால் ஆன மிக மெல்லிய அடுக்குகளுக்கு இடையே உலோக அடுக்குகளை வைத்து இவற்றைச் செய்கிறார்கள். பீங்கான் வளையாது, விரிசல் விடும். திருகாணியை அளவுக்கு மீறி முறுக்கிப் பலகையை வளைத்தால், மின்தேக்கியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, உள்ளே இரு உலோக அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டுவிடக்கூடும்.

ஒவ்வொரு முறையும் தவறாமல் நான்கு நொடியில் அணைந்தால் பொத்தானைப் பாருங்கள். பொத்தானை நான்கு நொடி தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் கணிப்பொறி அணைய வேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே உள்ள ஏற்பாடு. பொத்தான் சிக்கிக்கொண்டு மேலே எழாமல் போனால், யாரோ அழுத்திப் பிடித்திருப்பதாகவே மதர்போர்டு எண்ணும்.

சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள், ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னுமாக அணைந்தால் வெப்பத்தை ஐயுறுங்கள். ஆறிய பிறகு கூடுதல் நேரம் ஓடுகிறதா? அப்படியானால் ஐயம் வலுக்கிறது. செயலியின் மேலுள்ள ஹீட் சிங்க் சரியாகப் பதிந்திருக்காது. விசிறியின் கம்பி செருகப்படாதிருக்கும். அல்லது ஹீட் சிங்கின் அடியில் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்தியிருப்பார்கள்.

நன்றாக ஓடி, கடினமான வேலை கொடுக்கும்போது மட்டும் அணைந்தால், மின்வழங்கியின் ஆற்றல் போதவில்லை எனலாம். 12 வோல்ட் கம்பியில் மின்னழுத்தம் 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.

புதிய நினைவகத்தைச் செருகிய பின், சில மதர்போர்டுகள் அதைச் சோதித்துப் பழகிக்கொள்வதற்காகத் தாமாகவே இரண்டொரு முறை அணைந்து எரியும். இது பழுதன்று. ஓரிரு நிமிடம் பொறுத்தால் போதும்.

எனியாக் சொன்ன செய்தி

பழுது எப்போது நேர்கிறது என்பதைக் கவனிப்பதன் பயன் கணிப்பொறியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உலகுக்கு அறிமுகமான எனியாக், ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டது. தொடக்கத்தில் குழாய்கள் அடிக்கடி போய், கணக்கு நடுவிலேயே நின்றுவிடும். பெரும்பாலான குழாய்கள் இயந்திரத்தைப் போடும்போதும் அணைக்கும்போதுமே கெடுகின்றன என்பதைப் பொறியாளர்கள் கண்டார்கள். திடீரென்று சூடேறுவதும் ஆறுவதுமே காரணம். எனவே எனியாக்கை அணைக்காமலே வைத்திருந்தார்கள். பின்னர் இரண்டு நாளைக்கு ஒரு குழாய் என்ற அளவுக்குப் பழுது குறைந்தது. 1954-இல் அது தொடர்ந்து 116 மணி நேரம் பழுதின்றி இயங்கியது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

காவலன் யார் என்று ஊகித்த பின், அந்த ஊகத்தைச் சோதிக்க வேண்டும். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டைக் கேபினட்டிலிருந்து வெளியே எடுத்து ஓர் அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். செயலி, ஹீட் சிங்க், விசிறி, ஒரே ஒரு நினைவகம், மின்வழங்கி ஆகியவை மட்டும் இருக்கட்டும். மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். இப்போது அணையாமல் ஓடினால், இருப்பவை நல்லவை; பழுது கழற்றியவற்றிலோ, கேபினட்டிலோ இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எதைச் சேர்த்ததும் அணைகிறதோ அதுவே குற்றவாளி. அப்படியும் அணைந்தால், வேறொரு கணிப்பொறியில் நன்றாக ஓடும் மின்வழங்கியை இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்யாதீர்கள். செய்தால், கணிப்பொறி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. ஆய்வகத்தில் தனி ஊசலின் நீளத்தை மாற்றும்போது குண்டை மாற்றாமல் வைத்திருக்கிறோமே, அதே விதிதான் இங்கும்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: எந்நிலையிலும் மின்வழங்கியின் பெட்டியைத் திறக்காதீர்கள். அதனுள் உள்ள பெரிய மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றம் பெற்றிருக்கும். செருகியைப் பிடுங்கிய பின்னும் அது உடனே இறங்கிவிடாது. உயிருக்கே ஆபத்து.

செய்து பாருங்கள்

இரண்டு டார்ச் செல்களைத் தொடராக இணையுங்கள். மிக நுண்ணிய இரும்பு நாரிலிருந்து 2 செ.மீ. நீளமுள்ள ஓர் இழையை எடுத்துப் பீங்கான் தட்டின் மேல் வைத்து, கம்பிகளால் அதன் இரு முனைகளையும் தொடுங்கள். இழை சிவந்து அறும். தட்டுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து ஐந்தாறு இழைகளை ஒன்றாக முறுக்கி, ஓரிரு நொடி மட்டும் தொட்டுப் பாருங்கள். இம்முறை நார் எளிதில் அறுவதில்லை. கம்பியும் செல்லும் சூடேறத் தொடங்குவதை உணரலாம். ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டே இதனைச் செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது.

அறுந்த அந்த ஓர் இழைக்கும், அணைந்து போகும் கணிப்பொறிக்கும் பொருள் ஒன்றே. இரண்டும் நமக்கு ஏதோ சொல்ல முயல்கின்றன. பணப்பையை எடுப்பதற்கு முன் கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு, அவை சொல்வதைக் கேளுங்கள்.