கிறிஸ் பால் இருந்திருந்தால்...?

என் அலுவலக நண்பர் ஒருவர் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் ரசிகர். 2018 பற்றி யாராவது பேச்சை எடுத்தால் போதும், "கிறிஸ் பால் மட்டும் ஆடியிருந்தா கோப்பை எங்களுக்குத்தான்" என்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ரசிகர். "அப்போ எங்க இகுவோடாலா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்கு மேல் விவாதம் ஒரு அடிகூட நகராது. ஒருநாள் எனக்குப் பொறுமை போய், பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்கு போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன? என்பிஏ மேற்குப் பிரிவு இறுதித் தொடர். ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை ஜெயிப்பவர் வெற்றி. ராக்கெட்ஸ் அந்த சீசனில் 65 ஆட்டங்கள் ஜெயித்த அணி. ஐந்தாவது ஆட்டத்தை 98-94 என்று ஜெயித்து, தொடரில் 3-2 முன்னிலை எடுத்தார்கள். ஆனால் அந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பாலுக்குப் பின்தொடைத் தசையில் காயம். அடுத்த இரண்டு ஆட்டத்திலும் அவர் பெஞ்சில்தான். இரண்டிலும் ராக்கெட்ஸ் பாதி ஆட்டம் வரை முன்னிலையில் இருந்து, பின்பு தோற்றார்கள். இறுதிச் சுற்றில் வாரியர்ஸ் கிளீவ்லேண்டை 4-0 என்று வென்றது. அதனால்தான் நண்பர் நேராகக் கோப்பைக்கே போய்விடுகிறார்.

இப்போது கணக்கு. பால் இருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் ராக்கெட்ஸுக்கு 50-50 என்று வைத்துக்கொள்வோம். மீதி இரண்டில் ஒன்றை ஜெயித்தால் போதும். இரண்டையும் தோற்கும் வாய்ப்பு 0.5 x 0.5, அதாவது 25 சதவீதம். தொடரை ஜெயிக்கும் வாய்ப்பு 75.

பால் இல்லை என்பதால் ஒவ்வொரு ஆட்டத்திலும் வாய்ப்பு 35 சதவீதமாகக் குறைகிறது என்போம். இரண்டையும் தோற்கும் வாய்ப்பு 0.65 x 0.65, சுமார் 42 சதவீதம். ஜெயிக்கும் வாய்ப்பு 58.

கவனியுங்கள். பால் இல்லாமலும் ராக்கெட்ஸ் பக்கம்தான் தராசு சாய்கிறது! காயம் பறித்தது 75-க்கும் 58-க்கும் நடுவிலுள்ள 17. அவர் முழு உடல்நலத்தோடு ஆடியிருந்தாலும் தோற்பதற்கு 25 சதவீதம் இடம் இருந்தது. 50, 35 எல்லாம் நான் வைத்த அனுமானங்கள்தான். நீங்கள் வேறு எண் போட்டுப் பாருங்கள். ஒரு ஆட்டத்துக்கு 100 என்று போட்டால் ஒழிய "கண்டிப்பா ஜெயிச்சிருப்போம்" என்ற விடை வராது.

சரி, வாரியர்ஸ் நண்பரின் கேள்வி? அதுவும் நியாயமானதே. ஆண்ட்ரே இகுவோடாலா முழங்கால் காயத்தால் நான்காவது ஆட்டத்திலிருந்து தொடர் முடியும் வரை ஆடவில்லை. அப்படியானால் தொடரை மூன்று துண்டாக வெட்டலாம். இருவரும் ஆடிய முதல் மூன்றில் வாரியர்ஸ் 2, ராக்கெட்ஸ் 1. இகுவோடாலா மட்டும் இல்லாத இரண்டையும் ராக்கெட்ஸ் ஜெயித்தது. இருவருமே இல்லாத கடைசி இரண்டையும் வாரியர்ஸ் ஜெயித்தது. பார்த்தால் ஆய்வுக்கூடத்தில் வடிவமைத்த சோதனை மாதிரியே இருக்கிறது, இல்லையா? ஆனால் மூன்று, இரண்டு, இரண்டு ஆட்டங்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஏழு முறை ஓடிய புரோகிராமைப் பார்த்து "பக் இல்லை" என்று சொல்வது போலத்தான்.

ஏழாவது ஆட்டத்தில் ராக்கெட்ஸ் தொடர்ந்து 27 மூன்று புள்ளி ஷாட்களைத் தவறவிட்டது. மூன்றில் ஒன்று விழும் என்று வைத்தால், வரிசையாக 27-உம் தவறும் வாய்ப்பு சுமார் 57,000-ல் 1. "அப்போ அது வெறும் துரதிர்ஷ்டம்" என்பார்கள். இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது: ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனி என்று அது நினைக்கிறது. களைத்த கால்கள் எல்லா ஷாட்டையும் ஒன்றாகத்தான் பாதிக்கும். பால் நடுத்தூர ஷாட்டுக்குப் பேர்போனவர். மூன்று புள்ளி விழாத நேரத்தில் வேறு வழி காட்டக்கூடிய ஆள். ஆக அவர் இல்லாததும் அந்தத் துரதிர்ஷ்டமும் முழுக்க வேறுவேறு அல்ல. ஒரு சர்வர் விழுந்தால் அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறும். பிறகு அவையும் திணறும். எங்கள் வேலையில் அடிக்கடி பார்ப்பதுதான்.

இதுவரை சொன்னது தீங்கில்லாத வாதம். இதே வாதத்துக்கு இன்னொரு முகம் உண்டு. அதை எனக்குக் காட்டியது 2019.

அந்த வருடம் மே 8 அன்று ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் கெவின் டுரான்ட்டுக்குக் கெண்டைக்காலில் காயம். ஒரு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தார். இறுதிச் சுற்றில் டொரான்டோவிடம் வாரியர்ஸ் 1-3 என்று பின்தங்கியது. "இன்னுமா ஆறலை? வந்து ஆடலாமே" என்று ரசிகர்கள் பலர் பேசினார்கள். நானும் அதே நண்பரிடம் அப்படித்தான் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

நம்மூர் நேரப்படி ஜூன் 11 காலை, ஐந்தாவது ஆட்டம். டுரான்ட் வந்தார். 12 நிமிடத்தில் 11 புள்ளிகள். இரண்டாம் கால்பகுதியில் பந்தைத் தட்டிக்கொண்டு திரும்பியவர் அப்படியே நின்று, உட்கார்ந்து, காலைப் பிடித்துக்கொண்டார். அக்கிலிஸ் நாண் அறுந்துவிட்டது. அரங்கில் சிலர் கைதட்டினார்கள். டொரான்டோ வீரர்களே கையசைத்து அவர்களை அடக்கினார்கள். வாரியர்ஸ் அந்த ஆட்டத்தை 106-105 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் அணியின் நிர்வாகி பாப் மையர்ஸ் கண்கலங்கி, பழியைத் தன் மேல் போடச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளிகள் எடுத்திருந்த க்ளே தாம்சனுக்கு முழங்காலில் தசைநார் கிழிந்தது. தொடர் போனது. டுரான்ட் அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. தாம்சன் திரும்பியது 2022 ஜனவரியில்.

"டுரான்ட் இருந்திருந்தால்" என்பதற்கும் மேலே போட்ட மாதிரி ஒரு சதவீதம் போடலாம். ஆனால் கணக்கில் நான் விட்டுவிட்ட ஒரு எண் உண்டு: அவர் திரும்பி வந்தால் கால் போகும் வாய்ப்பு எவ்வளவு? ஜெயித்தால் அதில் எனக்கும் பங்கு உண்டு என்று குதிப்பேன். கால் போனால் அது அவருக்கு மட்டும்தான்.

ஆகவே நண்பர் அடுத்தமுறை கிறிஸ் பால் பேச்சை எடுத்தால் 17 என்று சொல்லப்போகிறேன். "17-ஆ? குறைஞ்சது 40!" என்பார். பேசலாம், தப்பில்லை. முடிந்த ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். நாளைய ஆட்டத்துக்கு காயம்பட்டவரை "வந்து ஆடு" என்று மட்டும் நான் இனி சொல்வதில்லை.