பல் முளைக்கும் பருவமும் ஒரு வெண்ணிறத் தூளும்



குழந்தைக்குப் பல் முளைக்கும் பருவம் வந்துவிட்டால் வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை. இது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்துத் தாய்மார், இதற்கெனக் கடைகளில் விற்கப்பட்ட தூள்மருந்தை வாங்கித் தம் பிள்ளைகளுக்கு ஊட்டினர். வெண்ணிறமானது, சுவையற்றது, ஆதலின் குழந்தை முகஞ் சுளியாது விழுங்கிவிடும். மலத்தை இளக்கிப் பிள்ளையை அமைதிப்படுத்தும் என்பது நம்பிக்கை. அத்தூளில் கலந்திருந்தது கலோமல். அதாவது, பாதரசமும் குளோரீனும் கூடிய ஓர் உப்பு.

அக்காலத்திலேயே காரணம் விளங்காத நோயொன்றும் குழந்தைகளைப் பற்றியது. கைகளும் பாதங்களும் இளஞ்சிவப்பாகித் தோலுரியும், வியர்வை பெருகும், வெளிச்சத்தில் கண் கூசும். சிரித்து விளையாடிய பிள்ளை, தாய் தொட்டாலும் வீரிட்டழும். சில குழந்தைகளுக்கு முளைத்த பற்களே உதிர்ந்தன. இளஞ்சிவப்பு நோய் என்றே இதற்குப் பெயரிட்டனர். 1939 முதல் 1948 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் 585 குழந்தைகள் இந்நோயால் இறந்தனர்.

கிருமியே காரணம் என்றனர் சிலர். உயிர்ச்சத்துக் குறைவு என்றனர் வேறு சிலர். தூளை ஐயுற்றவர் அரியர். ஏன்? அதை உண்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 500இல் ஒன்றையே நோய் பற்றியது எனப் பிற்காலத்தில் கணித்தார்கள். அயல்வீட்டுப் பிள்ளை அதே மருந்தை உண்டு கொழுகொழுவென்று வளரும்போது மருந்தின்மேல் எவ்வாறு பழி சுமத்துவது? அன்றியும், அழுகையும் உறக்கமின்மையும் பல் முளைப்பதன் குறிகளாகவே தோன்றின. ஆகவே இன்னுமொரு பொட்டலம் பிரிக்கப்பட்டது. இதை எண்ணும்போதுதான் என் நெஞ்சம் கனக்கின்றது.

1945இல், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், ஜோசப் வார்க்கனி என்னும் குழந்தை வைத்தியரும் ஹபார்ட் என்னும் ஆய்வாளரும் நோயுற்ற குழந்தையொன்றின் சிறுநீரைச் சோதித்துப் பாதரசம் மிகுந்திருக்கக் கண்டனர். வேறு குழந்தைகளையும் ஆராய்ந்து 1948இல் தம் முடிபுகளை வெளியிட்டனர். எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டனர் அல்லர். பாதரசம் உண்டும் நோயுறாதோர் பலர் உளரே என்று வாதிட்டோரும் இருந்தனர்.

நான் கலைப்பட்டதாரி; இரசாயனம் கற்பித்தவனல்லன். எனினும் அடிப்படை எளிதில் விளங்கும். நம் உடலின் புரதங்களிற் பலவற்றில் கந்தகம் உண்டு. பாதரசம் அக்கந்தகத்தை இறுகப் பற்றி, புரதங்களாலான நொதியங்களின் தொழிலைத் தடுக்கும். உடலைவிட்டு அது மெல்லவே நீங்குவதால், சிறிது சிறிதாக உட்கொள்ளினும் சேர்ந்து பெருகும். சிறுநீரகமே பெரிதும் துன்புறும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், ஆசனிக் கலந்த நச்சுவாயுவுக்கு மாற்றாக ஒக்ஸ்போர்டில் ஒரு மருந்தை ஆக்கினர். கந்தகத்தையே தூண்டிலாகக் கொண்டு உலோகத்தைப் பிடித்திழுக்கும் அம்மருந்து, பின்னர் பாதரச நஞ்சூட்டத்திற்கும் பயன்பட்டது.

1954இல் பிரித்தானிய உற்பத்தியாளர் தூளிலிருந்து கலோமலை நீக்கினர். சில ஆண்டுகளில் அந்நோய் அங்கு அரிதாயிற்று. முற்றாக மறைந்ததென்று சொல்லற்கில்லை. பாதரசம் கலந்த, முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகள் இன்றும் பல நாடுகளில் விற்பனையாகின்றன. அவற்றைப் பூசாத குழந்தைகூட, பூசிய தாயின் கையாலும் துவாயாலும் தலையணையாலும் நஞ்சேறி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டதுண்டு. அத்தகைய பிள்ளையைக் காணும் வைத்தியர், வீட்டில் என்னென்ன பூசுகிறீர்கள் என்று தாயிடமும் கேட்கிறார்.